உமிப்புகையும் ஆரணியின் மூச்சும்

தாதி வேலையில் ஊசி போடக் கை பழகினால் போதும். மூச்சிழுக்கிற முட்டு வருத்தக்காரருக்கு மெஷினில் மருந்தாவி, எங்கள் பேச்சில் காஸ், பிடிக்க மனமும் பழகவேண்டும். அடுத்த மூச்சு வருமா என்று பிள்ளையின் நெஞ்சைப் பார்த்தபடி விடிய விடிய இருந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கிளிநொச்சிக்குப் பக்கத்தில், ஒரு நெல் மில்லின் அயலில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி எங்களுடையது. சோழகம் என்கிற தென்மேற்குக் காற்றுத் தொடங்கினால் மில்லின் உமிப்புகை நேரே குடியிருப்புப் பக்கம் திரும்பும். பிறகு வருத்தக்காரர் காத்திருக்கிற எங்கள் வாங்கில் இடம் இராது.

அப்பாவின் மடி

யோகன் அந்த மில்லில் நெல் அவிக்கிற அடுப்புக்கு உமி தள்ளுகிறவர். ஐந்து வயது மகள் ஆரணிக்கு முட்டு இழுக்கிறதென்று கேள்விப்பட்டு, வேலையிலிருந்து ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார். தலை, சட்டை எல்லாம் சாம்பல். “இந்தத் தூசியோட பிள்ளையைத் தூக்காதேங்கோ, கழுவிப்போட்டு வாங்கோ” என்றேன். அவளை வாங்கில் இருத்திவிட்டுக் குழாயடிக்குப் போனார்.

ஆரணி மாஸ்க்கைத் தட்டித் தட்டி விட்டாள். எவ்வளவு கெஞ்சியும் சரிவரவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு ஈரம் சொட்டச் சொட்ட வந்த தகப்பனின் மடியில் ஏறியதும்தான் முகத்தைத் தந்தாள். அவர் குனிந்தபடியே சொன்னார்: “நான்தானே மிஸி அந்த அடுப்பை எரிக்கிறன். இவளுக்கு அது தெரியாது, என்ரை மடிதான் வேணுமெண்டுறாள்.”

பக்கத்துக் கதிரை

ஒருநாள் மில் முதலாளிக்கே முட்டு வந்துவிட்டது. அன்றும் தகப்பனின் மடியில் காஸ் பிடித்துக்கொண்டிருந்த ஆரணிக்குப் பக்கத்துக் கதிரைதான் வெறுமையாக இருந்தது. முதலாளியைக் கண்டதும் யோகன் எழும்பப் பார்த்தார். மடியில் பிள்ளை, எழும்ப முடியவில்லை. முதலாளியோ மாஸ்க்குக்குள்ளாலேயே போனில் கதைக்கத் தொடங்கினார். ஆரணி தன் மாஸ்க்கைக் கொஞ்சம் தூக்கி, “கதையாதேங்கோ மாமா, காஸ் வெளியில போயிடும்” என்றாள்.

கூட்டம்

மில்லை மூடச் சொல்லி ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் நெல்லும் அங்கேதான் போகிறது, பிழைப்பும் அங்கேதான். புகைபோக்கியை உயர்த்தி, சாம்பலைப் பிடிக்க வழிசெய்யுங்கோ என்றுதான் சனசமூக நிலையத்துக்கு முதலாளியைக் கூப்பிட்டோம். “ஆருக்கு என்ன கரைச்சல்?” என்று அவர் கேட்டபோது அவ்வளவு பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். யோகன் எழும்பினார். இவருடைய வேலை போகப்போகிறதே என்று நினைத்தேன். “என்ரை பிள்ளைக்கு, ஐயா” என்றார், அவ்வளவுதான். முதலாளி சொன்னார்: “அடுப்படியில நிக்கிறவன் சொன்னா நான் இல்லையெண்டு சொல்லேலாது.”

சும்மா வந்தது

சொன்னதைச் செய்ய அவருக்கு இரண்டு போகம் சென்றது. புகை இப்போதும் வருகிறது. ஆனால் கொடியில் காய்கிற துணி கறுப்பதில்லை. ஆரணி வருவதும் குறைந்துவிட்டது. போன கிழமை யோகன் அவளை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். நான் அவசரமாக மெஷினை எடுக்க, சிரித்துக்கொண்டு மறித்தார்: “முட்டு ஒண்டுமில்லை மிஸி, உங்களைக் கனநாளாக் காணேல்லையெண்டு அழுதவள், அதுதான் கொண்டந்தனான்.”

ஆக்கள் வராமல் இருக்கவேண்டுமென்று சாமியைக் கும்பிட்டுவிட்டு, வந்தால் முகம் முழுக்கச் சிரிக்கிற உத்தியோகம் எங்களுடையது.