துண்டுக்குள் பிடித்த கை

செவ்வாய்க்கிழமை காலை மண்டி வாசலில் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோது முருகேசன் வந்து நின்றான். காலில் செருப்பில்லை. "அய்யா, அப்பா போயிட்டாரு" என்றான். மூட்டை இறக்கியவர்கள் கையை நிறுத்தினார்கள். உள்ளே விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தவில்லை. தரகர் சன்னாசி அவர்கள் மறைந்த செய்தி எனக்கு வந்த விதம் இது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலையிலிருந்து ஏலக்காய் போடிக்கு இறங்கியதும் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் நிற்பவர் தரகர். விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்துச் சொல்வது வழக்கம்; எந்த விரல், எத்தனை விரல் என்பதுதான் தொகை. துண்டுக்குள் நடந்ததைத் தரகர் வெளியே விடக் கூடாது. விட்டவருக்கு அதன் பிறகு யாரும் கை கொடுக்க மாட்டார்கள்.

சன்னாசி அவர்கள் ராசிங்காபுரத்திலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தபோது நான் மண்டியில் பழகியவனாக இருந்தேன். இரத்த உறவு கிடையாது. அவர் என்னை மாமா என்பார், நான் மாப்ளே என்பேன். வந்த புதிதில் ஒரு வியாபாரி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, "பக்கத்துக் கடைக்காரன் எந்த விரலப் பிடிச்சான்? சும்மா சொல்லுப்பா" என்று கேட்டார். "எம் பொண்டாட்டி கேட்டே சொல்லலண்ணே. அவ தினமும் சோறு போடுறா. நீங்க ஒரு டீதானே வாங்கிக் குடுத்தீக" என்றார் இவர். அந்த வியாபாரியே பிறகு இவரைத் தவிர வேறு தரகரிடம் போகவில்லை.

சென்ற கார்த்திகையில் அவர் விரல்களில் நீலம் கண்டது. யார் எந்த விரலைப் பிடித்தாலும் அந்த இடம் கன்றிப்போயிற்று. கையைத் துண்டில் சுற்றிக்கொண்டே திரிந்தார். "விரலப் பாத்தா ஊருக்கே வெலை தெரிஞ்சிரும் போலிருக்கு மாமா" என்று சிரித்தார். தை மாதம் ஈறில் ரத்தம் கசிந்தது, காய்ச்சல் விடவில்லை. மதுரை டாக்டர், ரத்தத்தில் புற்று என்றார். சென்னையில் புதிதாக ஒரு மருந்து வந்திருக்கிறது, குணமாகாது, ஆனால் ஆயுளைக் கொஞ்சம் நீட்டலாம் என்றும் சொன்னார்.

அவர் மனைவி வீராயி அம்மாள் காதுத் தோட்டையும் பசுவையும் விற்றார். போதவில்லை. அப்பாவைப் பார்த்துத் தரகுக்கு வரத் தொடங்கியிருந்த முருகேசனும் நானும் கடை கடையாக ஏறினோம். எல்லாக் கடையிலும் ஒரே பதில்: "மொதலாளி என்ன செய்றாருன்னு பாத்துட்டுச் செய்றோம்."

முதலாளி என்பவர் போடியில் ஏலக்காய் வாங்குவதில் முதல் கை. பெயரை எழுத மாட்டேன். மறுநாள் மண்டி நிறைய ஆள் இருக்கையில் என்னைக் கூப்பிட்டார். "இதெல்லாம் தண்டோராப் போட்டா செய்வாக?" என்று சொல்லி என் கையின் மேல் தம் துண்டைப் போட்டார். துண்டுக்குள் என் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு விரலைக்கூடத் தொடவில்லை. பிறகு எல்லோருக்கும் கேட்க, "திருப்திதானய்யா? சன்னாசிய வெரசாப் பட்டணத்துக்குக் கொண்டு போங்க" என்றார். "மகராசன்" என்றார் ஒருவர். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் பிடிவாதம் ஊரறிந்தது. வேண்டிய அன்று அது எனக்கு வரவில்லை.

நேரே சன்னாசி அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாயில் படுத்திருந்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

"எந்த விரலு மாமா?"

"ஒண்ணும் இல்ல மாப்ளே. நாளைக்கு நடு மண்டியில நின்னு சொல்லப் போறேன்."

"வேணாம். முருகேசனுக்கு இப்பத்தான் நாலு பேரு கை குடுக்குறாக. நம்ம பக்கத்து ஆளு துண்டுக்குள்ள நடந்ததச் சொல்லிட்டாருன்னு ஆனா, அவன் பொழப்பு போச்சு."

"உசுரு போறது உமக்குய்யா!"

"டாக்டர் நீட்டலாம்னுதான் சொன்னாரு. அவன் இனிமேத்தான் பொழைக்கணும்."

நான் கட்டுப்பட்டேன். ஊர் நம்பிக்கொண்டது. "மொதலாளி குடுத்துட்டாரே, இன்னும் எதுக்கு?" என்று, கொடுக்க இருந்தவர்களும் கையை மடக்கினார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் முருகேசனைப் பிடித்து, "என்னடா, பட்டணம் போகாமக் காச வச்சு அடைகாக்குறீகளா?" என்று கேட்டார். அவன் அழுதுகொண்டு வந்தான். போடிமெட்டு ஜீப் டிரைவர் ஒருவரும் தேவாரத்து விவசாயி ஒருவரும் மட்டும் எதுவும் கேட்காமல் கொடுத்தார்கள். அதில் இரண்டு முறை மதுரைக்குப் போய் ரத்தம் ஏற்றினோம். மூன்றாம் முறை போக வழியில்லை. சென்னையை அவர் பார்க்கவே இல்லை.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்று கேட்பார்கள். அப்பாவைக் குளிப்பாட்டும்போதே முருகேசன் என்னிடம் சொல்லிவிட்டான், இனி மண்டிக்கு வரமாட்டானாம். மலையில் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலைக்குப் போகிறான். நான் எந்தப் பிழைப்பைக் காப்பாற்ற வாயை மூடினேனோ, அதுவும் போயிற்று.

துட்டிக்குத் துக்கம் கேட்க வருகிறவர்கள் வீட்டு ஆட்களின் கையைத் தொட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். முருகேசன் அருகில் நான் நின்றேன். முதலாளி வந்தார். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் விரித்து நீட்டினேன். "துண்டு வேணாம் மொதலாளி. எல்லாரும் பாக்கட்டும்" என்றேன். விரல் நுனியைத் தொட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனார்.

தூக்குவதற்கு முன்னால் நான் சன்னாசி அவர்களின் பக்கத்தில் உட்கார்ந்தேன். விரல்களில் நீலம் போகவில்லை. அவர் கையின் மேலும் என் கையின் மேலும் என் துண்டைப் போட்டு, உள்ளே அவர் விரல்களைப் பிடித்தேன். என்ன சொன்னீர்கள் என்று முருகேசன் கேட்டான். அவனிடமும் சொல்லவில்லை. துண்டை அவர் கையோடே விட்டுவிட்டு எழுந்தேன்.

போயிட்டு வாரும், மாப்ளே.