பெட்டியக்கா

"முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நீங்க நல்லா இருக்கீங்க. இப்ப சொல்லுங்க, கட்டில் பக்கத்துல இருக்கிற பெட்டியோட ப்ளக்கை யார் புடுங்கினது?"

மறுமுனையில் ஏதோ சமாதானம் சொல்கிறார்கள்.

"மருமக போனுக்கு சார்ஜ் போட்டாங்களா? போனுக்கு வேற எடம் பாக்கச் சொல்லுங்க. உங்க நெஞ்சுக்கு அந்த ஒரு எடம்தான்."

காலை எட்டரை மணி. பெட்டியக்கா கைப்பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை. அதற்குள் மூன்று வீட்டுப் பெட்டிகளுக்கு உயிர் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் என்றாலே ஜனங்கள் பதறிப்போகிறார்கள். அதனால் "நல்லா இருக்கீங்க" என்று சொன்ன பிறகுதான் தான் யார் என்பதையே சொல்வார்.

இதயத் துடிப்பு தறிகெட்டு ஓடினால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுத்து அதை நிலைக்குக் கொண்டுவரும் சின்னக் கருவி ஒன்று உண்டு. தோள் எலும்புக்குக் கீழே தோலுக்குள் வைத்துத் தைத்துவிடுவார்கள். அது தான் கண்டதைக் கட்டிலோரப் பெட்டிக்குச் சொல்கிறது; பெட்டி இந்த இரண்டாம் மாடி அறைக்குச் சொல்கிறது. இப்படி அறுநூற்றுப் பன்னிரண்டு நெஞ்சுகள் இந்த அறையில் வந்து பேசுகின்றன. கேட்பவர் இவர் ஒருவர். வாய்க்கு வாய் பெட்டி பெட்டி என்பதால் நோயாளிகள் 'பெட்டியக்கா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். டாக்டரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்.

பாதிப் பேரை இவர் பார்த்ததே இல்லை. "மூஞ்சி தெரியாது. ஓட்டம் தெரியும்" என்கிறார். திரையில் நடமாட்டத்தைக் குறிக்கும் ஒரு கோட்டைக் காட்டி, "இந்தம்மா நாலு நாளா வீட்டுக்குள்ளகூட நடக்கல. மனசு சரியில்லபோல" என்றவர், வேறு காரணமே இல்லாமல் அந்த அம்மாளுக்குப் போன் போட்டுக் கால் மணி நேரம் ஊர்க்கதை பேசினார். மறுநாள் கோட்டில் நடை தெரிந்தது. இவர் வேலையைப் பற்றி எழுதுவதற்காகப் போயிருந்த நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். இதையெல்லாம் வீட்டில் சொன்னால் கணவர் மசிவதில்லையாம். "ஊரார் நெஞ்சையெல்லாம் படிக்கிறே, எனக்குப் பசிக்கிறது மட்டும் தெரியமாட்டேங்குது" என்பாராம்.

நான் போன மூன்றாம் நாள், ஒன்பதேகாலுக்குத் திரையில் ஒரு வரி சிவந்தது. ஒரு சலவைக் கடைக்காரர். கடையும் பெட்டி இருக்கும் படுக்கையறையும் ஒரே சுவரின் இரு பக்கம் என்பதால் செய்தி உடனே வந்துவிட்டது. கோட்டின் மேல் சீப்புப் பல்லைப்போல நெருக்கமாகக் கீறல்கள். கருவி அதை இதயத்தின் வெறியோட்டம் என்று நம்பி அதிர்ச்சி கொடுக்கத் தயாராகியிருக்கிறது. கீறல்கள் நின்றதால் கடைசி நொடியில் கையை விலக்கிக்கொண்டிருக்கிறது.

டாக்டர் எட்டிப் பார்த்தார். "உள்ள வயர் உடைஞ்சிருக்கும். உடனே வரச் சொல்லுங்க, மாத்திடலாம்."

"ரெண்டு நிமிஷம் சார்."

பெட்டியக்கா மூக்கு திரையில் இடிக்குமளவு குனிந்தார். சீப்புப் பற்களுக்கு அடியில் நிஜமான துடிப்பு, எதுவும் நடக்காததுபோல நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. முந்தைய நாள்களைப் புரட்டினார். மூன்று நாளாக அதே காலை நேரம், அதே கீறல், ஓரிரு நொடிகள் மட்டும் என்பதால் வரி சிவக்கவில்லை.

"இதயம் இவ்ளோ ஒழுங்கா எழுதாது சார். இது கரண்ட்டு."

சொல்லும்போதே போன் காதில் இருந்தது. எடுத்தது கடைக்காரரின் மனைவி. அன்று 'நல்லா இருக்கீங்க' இல்லை.

"அவர் எங்கம்மா?"

"மெஷின்ல துணியைப் போட்டுட்டு இப்பதான் டீ குடிக்க உக்காந்தாரு. யாரு, ஆஸ்பத்திரியா? என்னாச்சு?"

"மெஷின் ஓடுதா?"

"ஓடி நின்னுடுச்சு. நான்தான் துணியெடுக்கப் போயிட்டிருக்கேன்."

"தொடாதீங்க! கால்ல செருப்பு இருக்கா?"

"இல்லையே, தரையெல்லாம் ஈரமா…"

"அப்படியே பின்னால வாங்க. அவரையும் கிட்ட விடாதீங்க. மெயின் சுவிட்ச் எங்க இருக்கு?"

"வாசப்பக்கம்."

"கையை நல்லாத் தொடச்சிட்டு, செருப்பு மாட்டிக்கிட்டுப் போய் அணைங்க. நான் லைன்லயே இருக்கேன்."

போனில் மின்விசிறியின் இரைச்சல் கேட்டுக்கொண்டிருந்தது. போனைக் கீழே வைத்துவிட்டுப் போன அந்த அம்மாளின் காலடி ஓசை தேய்ந்தது. பிறகு அந்த இரைச்சல் மெல்லச் சுருங்கி அடங்கியது. பெட்டியக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

மதியம் எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொன்னார்: எர்த் கம்பி அறுந்து, மெஷின் உடம்பு முழுக்க மின்சாரம். கடைக்காரருக்கு மூன்று நாளாகக் கையில் சுர்ரென்றுதான் இருந்திருக்கிறது. "நெஞ்சுக்குள்ள இருக்கிற கருவிதான் வேலை செய்யுதாக்கும்னு இருந்துட்டேன்" என்றாராம். காலில் இருந்த ரப்பர் செருப்பு அவரைக் காப்பாற்றியிருக்கிறது. மனைவியோ, தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்து அன்று காலைதான் திரும்பியவர். கடைக்குள் வெறுங்காலோடு நடப்பவர்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அந்தக் கோட்டை மறுபடி வெகுநேரம் பார்த்தார். "எனக்கு வயர்தான் தெரிஞ்சுது" என்றார். ஊரின் மறுகோடியில் ஒருவர் மார்புக்குள் இருக்கும் கருவி, எந்தக் கருவியும் இல்லாத இன்னொருவருக்காகக் குரல் கொடுத்திருக்கிறது. அது புரிவதற்கு ஓர் ஆள் இங்கே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

அடுத்த வாரம் கணவனும் மனைவியுமாக வந்தார்கள். கடைக்காரர் கும்பிட்டபடி வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். நெஞ்சைத் தொட்டுக் காட்டி, செருப்பைக் காட்டி, நிறுத்தாமல் பேசினார். பெட்டியக்கா "உக்காருங்கண்ணே" என்று அவருக்கு நாற்காலியைக் காட்டிவிட்டு, பின்னால் ஒதுங்கி நின்ற மனைவியிடம் போனார். அந்த அம்மாளின் வலது கையை எடுத்துத் திருப்பி, சோப்புத் தண்ணீரில் ஊறிச் சுருங்கிப்போன விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.