மெழுகுவத்திக்காரியின் கையுறை

எம்மட் கையுறை போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்தாளாம். பூசை முடிவதற்குள் சேதி வாம்கேட் தெருவைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, மீன்கடை வரை போய்விட்டது. மான்தோல், உள்ளே முயல்ரோமம், மணிக்கட்டில் பட்டுநூல் வேலை என்று ஆளுக்கு ஒன்றைச் சேர்த்தார்கள். மீன்கடையை அடைந்தபோது அந்தக் கையுறையில் முத்து பதித்திருந்தது.

முத்தை நான் நம்பவில்லை. கையுறையையே நம்பவில்லை. எங்கள் தெருவில் கையுறை அறியாத கை என்று ஒன்று உண்டென்றால் அது எம்மட்டுடையது. ஆட்டுக்கொழுப்பை உருக்கி, கம்பில் திரிகளை வரிசையாகத் தொங்கவிட்டு, முக்கித் தூக்கி, ஆறவிட்டு, மறுபடி முக்கி மெழுகுவத்தி செய்கிறவள். விரல்களில் கொழுப்பு வெள்ளையாக உறைந்திருக்கும். பேசிக்கொண்டே அதை நகத்தால் உரித்துக் கொப்பரையிலேயே திரும்பப் போடுவாள். அவளுடைய மெழுகுவத்தி எரியும் வீட்டில் ஆட்டுக்கறி வாசம் வரும். கறி தொடக்கூடாத தவக்காலத்தில் அது ஒரு சோதனை. பெரிய கோயிலில் எரிவது தேன்மெழுகு. கடவுளுக்குத் தேனீ, எங்களுக்கு ஆடு.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு கொப்பரையும் கடையும் அவள் பொறுப்பு. பொழுது சாயும் நேரத்தில் கூடையோடு வீடு வீடாகப் போவாள். வாம்கேட்டில் கல்யாணங்கள் நடப்பதும் அந்த நேரத்தில்தான்.

கோயில் வாசலில் சாமியார் முன்னால் ஊரைக் கூட்டி நடப்பது பிற்பாடு. சில சமயம் நடக்காமலே போய்விடும். உண்மையான காரியம் அடுப்படியிலோ லாயத்திலோ முடிந்துவிடுகிறது. ஒருவன் ஒருத்தியின் கையைப் பிடித்து, ‘இன்றுமுதல் உன்னை என் மனைவியாக எடுத்துக்கொள்கிறேன், படுக்கையிலும் பந்தியிலும், நல்லதிலும் கெட்டதிலும், சாவு பிரிக்கும்வரை, இதற்கு என் வாக்கை ஈடு வைக்கிறேன்’ என்கிறான். அவளும் அதையே திருப்பிச் சொல்கிறாள். அவ்வளவுதான், போப்பாண்டவரே வந்தாலும் அவிழ்க்க முடியாது. எங்கள் முன்னோர் கல்யாணத்துக்கும் அடகுக்கும் ‘வெட்’ என்று ஒரே சொல்லை வைத்தார்கள். விவரமானவர்கள். ஆனால் பானையை அடகு வைத்தால் பானை கடைக்காரனிடம் இருக்கும். வாக்கை அடகு வைத்தால் அது காற்றில்தான் இருக்கும். அதனால் காதில் வாங்கிய ஆட்கள் வேண்டும், குறைந்தது இரண்டு பேர்.

அந்த இரண்டில் ஒருவர் பெரும்பாலும் எம்மட். மெழுகுவத்தி விற்க வந்தவளை, “அக்கா, சித்த நில்லுங்க, ஒரு நல்ல காரியம்” என்று நிறுத்திவிடுவார்கள். அவள் கூடையை இறக்கி, அதிலிருந்தே ஒரு மெழுகுவத்தியை எடுத்துக் கொளுத்துவாள். “இருட்டுல சொன்னத நான் கேக்கல” என்பது அவள் சட்டம். கொளுத்திய மெழுகுவத்திக்கு உண்டான விலையை மாப்பிள்ளையிடம் வாங்காமல் நகர மாட்டாள். அது வியாபாரம்.

வியாபாரத்துக்கு மேலே எதையும் வாங்க மாட்டாள். சாட்சி நின்றவர்களுக்குப் பெண்வீட்டார் கையுறை கொடுப்பது வழக்கம். எம்மட்டிடம் நீட்டினால், “இருக்கட்டும், பெறகு வாங்கிக்கிறேன்” என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அப்படிப் பார்த்தால் பாதி வாம்கேட் அவளுக்குக் கையுறை பாக்கி. ஏன் இப்படி என்று கேட்டால், “வாங்கிட்டா கணக்கு தீந்துரும். தீந்த கணக்க எவ ஞாபகம் வெச்சிருப்பா?” என்பாள்.

தெரு சொல்லும் காரணம் வேறு. முன்னொரு காலத்தில் ஒரு நெசவுக்காரப் பெண்ணுக்காக எம்மட் கல்யாண வழக்குகளை விசாரிக்கிற பெரிய கோயில் வழக்குமன்றத்தில் சாட்சி சொன்னாள். அந்தப் பெண் நன்றிக்காக ஒரு வாத்தைக் கொடுத்திருந்தாள். எதிர்க்கட்சி வக்கீல் அந்த வாத்தைப் பிடித்துக்கொண்டார். ஏழை, கூலிக்கு வாய் திறப்பவள், ஒரு வாத்துக்கு விலை போனவள் என்று எம்மட்டின் சாட்சியத்தையே தள்ளவைத்தார். வழக்குத் தோற்றது. நெசவுக்காரப் பெண் ஊரைவிட்டே போய்விட்டாள். அதிலிருந்து எம்மட் வாத்துக்கறி சாப்பிடுவதில்லை.

இப்படிப்பட்டவள் கையுறை போட்டுக்கொண்டு வந்தால் தெரு என்ன நினைக்கும்? அதுவும் இடோனியின் வழக்கு நடக்கும்போது.

இடோனி ஒரு துணி வியாபாரி வீட்டில் வேலைக்காரியாக இருந்தவள். சேணம் தைக்கிற ஹ்யூகோவின் மகன் ரண்டால், இந்தத் தவக்காலத்தில் ஒருநாள் அந்த வீட்டு அடுப்படிக்கு வந்து, ஹெர்ரிங் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தவளின் கையைப் பிடித்து முழுச் சொற்களையும் சொல்லிவிட்டான். கூட வேலை செய்த ஹாவிஸ் கேட்டாள். மெழுகுவத்தி கொண்டுவந்த எம்மட்டும் கேட்டாள். பாஸ்காத் திருநாள் முடிந்ததும் கோயில் வாசலில் முறைப்படி வைத்துக்கொள்வதாகப் பேச்சு. பாஸ்கா முடிந்தது. ஹ்யூகோவுக்குக் கம்பளி வியாபாரி ஒருவர் தன் மகளைப் பற்றிச் சொல்லி அனுப்பினார். ரண்டாலுக்குத் திடீரென்று எதுவும் ஞாபகமில்லை. அப்படியே ஏதாவது சொல்லியிருந்தாலும் அது விளையாட்டு.

துணி வியாபாரி இடோனியை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார். அவள் ஹாவிஸின் தாய் வீட்டு மூலையில் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டு, பெரிய கோயிலில் வழக்குப் போட்டாள். ஜெயித்தால் அவள் ரண்டாலின் மனைவி. தோற்றாலும் கடவுள் கணக்கில் ரண்டாலின் மனைவிதான், ஆனால் ஊர்க்கணக்கில் ஒன்றுமில்லை; வேறொருவனை மணந்தால் பாவம், மணக்காவிட்டால் பட்டினி. ஹாவிஸ் ஒருத்தியின் சாட்சி போதாது. எம்மட் சொல்ல வேண்டும்.

தெரு இரண்டாகப் பிரிந்தது. கையுறை இடோனி கொடுத்தது என்றது ஒரு பாதி. அப்படியானால் வாத்துக் கதைதான், சாட்சியம் செல்லாது. ஹ்யூகோ கொடுத்தது என்றது இன்னொரு பாதி. அப்படியானால் எம்மட்டுக்கும் ரண்டாலின் வியாதி வந்துவிடும். எப்படிப் பார்த்தாலும் இடோனி தொலைந்தாள் என்பதில் தெரு ஒற்றுமையாக இருந்தது.

விசாரித்துப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். கையுறை தைப்பவர் வாயைத் திறக்கவில்லை, தொழில் தருமமாம். அவர் பெண்டாட்டிக்கு அப்படி எந்தத் தருமமும் இல்லை. பின்கட்டில் தோலைத் தட்டிக்கொண்டே சொன்னாள்:

“சேணக்கார அண்ணன்தான் வந்தாரு. யாரு கைக்கு அளவுன்னேன். கொஞ்சம் பெரிய கைதான், ஆட்டு வாசம் அடிக்கும்னாரு. வேற யாரு கை?”

எம்மட்டின் கடைக்குப் போனேன். கையுறை நிஜம்தான். முத்து இல்லை, பட்டுநூல் இல்லை, முயல்ரோமம் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டே கல்லாவில் உட்கார்ந்திருந்தாள், வருகிற போகிறவர்கள் பார்க்கட்டும் என்பதுபோல் இரண்டு கைகளையும் பலகைமேல் வைத்து. ஹ்யூகோ கொடுத்ததா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எதற்கு என்று கேட்டேன். குளிருக்கு என்றாள். வெளியே ஜூன் மாத வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் இடோனி வந்தாள். அவளும் கையுறையைப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் வாசலிலேயே நின்றுகொண்டு, “நாளைக்கு உள்ள கூப்புடுறாங்களாம் அக்கா” என்று மட்டும் சொன்னாள்.

“தெரியும்” என்றாள் எம்மட். பிறகு, “ஏன்டி, அந்தப் பய உனக்கு வேணுமா?” என்றாள்.

“அவன் சொன்ன சொல்லு வேணும். அவன அப்பறம் பாத்துக்குறேன்.”

எம்மட் ஒரு மெழுகுவத்தியை எடுத்து நீட்டினாள். காசு இல்லை என்றாள் இடோனி. “காசு கேட்டனா? பாக்கின்னு வெச்சுக்க.” கையுறைக் கையால் கொடுத்ததால் அந்தப் பெண் வாங்கத் தயங்கியது எனக்குத் தெரிந்தது. எம்மட்டுக்கும் தெரிந்திருக்கும். கையுறையைக் கழற்றவில்லை.

பெரிய கோயிலில் சாட்சிகளை ஒவ்வொருவராக உள்ளறைக்குக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். விசாரிக்கிற சாமியும் எழுத்தரும்தான் இருப்பார்கள். என்னென்ன கேட்க வேண்டும் என்று எதிர்க்கட்சி வக்கீல் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார். சாட்சி எங்கள் பேச்சில் சொல்வதை எழுத்தர் லத்தீனில் எழுதுவார். பிறகு ஒருநாள் எல்லாரையும் வைத்துக்கொண்டு அந்த லத்தீனை மறுபடி எங்கள் பேச்சுக்கு இறக்கி வாசிப்பார். போன பேச்சு ஒன்று, திரும்பி வருகிற பேச்சு ஒன்று. வெளுக்கப் போட்ட சட்டை கஞ்சியோடு வருகிற மாதிரி.

வாசிக்கிற நாளன்று நானும் போயிருந்தேன். தெருவில் பாதி அங்கேதான் இருந்தது. ஹ்யூகோ முன்வரிசையில், நல்ல தொப்பியோடு. ரண்டால் அப்பாவின் நிழலில். ஹ்யூகோவின் வக்கீல் மூக்கை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். கையுறைக் கதை அவர் காதுக்கும் போயிருந்தது. யார் கொடுத்தது என்று அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை; ஹ்யூகோ எப்படிச் சொல்வார்? வாத்து வழக்கில் ஜெயித்தவரும் இவரேதான். இடோனி பக்கத்திலிருந்துதான் வந்திருக்கும் என்று முடிவுகட்டி, கேள்வியைக் கூர்தீட்டிக் கொடுத்திருந்தார்.

ஹாவிஸின் சாட்சியம் முதலில் வந்தது, குறையில்லை. அடுத்து எம்மட்டுடையது. எழுத்தர் தூக்கக் கலக்கக் குரலில் வாசித்தார். மேற்படி ரண்டால் மேற்படி இடோனியைத் தன் மனைவியாக எடுத்துக்கொள்வதாக மேற்படி சொற்களைச் சொல்லக் கேட்டதாகச் சாட்சி கூறுகிறாள். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. ஹ்யூகோவின் கழுத்து சிவந்தது. அச்சொற்கள் விளையாட்டாகச் சொல்லப்பட்டனவா என்று வினவியதற்கு, மேற்படி ரண்டால் மேற்படி இடோனியின் வலக்கையை, அது மேற்படி மீனின் உப்பும் செதிலும் படிந்ததாயிருக்க, துடையாமலே பற்றினான் என்றும், ஆகவே விளையாட்டன்று என்றும் கூறுகிறாள்.

அவள் நிஜமாகச் சொன்னது எழுத்தரின் மச்சான் வழியாக எனக்குப் பிற்பாடு கிடைத்தது: “வெளையாட்டுக்குப் புடிக்கிறவன் தொடச்சிட்டுப் புடிப்பான் சாமி. உங்களுக்குத் தெரியாது, பாவம்.”

எழுத்தர் அடுத்த ஏட்டைப் புரட்டினார். வக்கீல் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

இவ்வழக்கின் பொருட்டு ஏதேனும் வெகுமதி பெற்றாயா என்று வினவியதற்கு, பெற்றேன் என்கிறாள். யாது என்று வினவியதற்கு, ஒரு ஜோடி கையுறை. யாரிடமிருந்து என்று வினவியதற்கு, மேற்படி ரண்டாலின் தகப்பனாரிடமிருந்து. எதன் பொருட்டு என்று வினவியதற்கு, மறப்பதன் பொருட்டு. மறந்தாயா என்று வினவியதற்கு, முயன்று வருகிறேன் என்கிறாள்.

எழுத்தருக்கே அந்த இடத்தில் தூக்கம் தெளிந்தது. வக்கீல் மெதுவாகத் திரும்பி ஹ்யூகோவைப் பார்த்தார். ஹ்யூகோ கூரையில் இறக்கையோடு செதுக்கியிருந்த சம்மனசுகளை முதன்முதலாகக் கவனிப்பவர்போல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து யாரோ வாத்துபோலக் குரல் கொடுத்தார்கள். யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை, நானில்லை.

அன்றைக்கே எம்மட்டிடம் கேட்டேன். கொப்பரையைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: “நம்ம பக்கம் வாங்கினா வெலபோயிட்டான்னு சொல்லுவான். வாங்காட்டியும் ஏழை, வாங்கியிருப்பான்னு சொல்லுவான். எதிராளிகிட்ட வாங்கிட்டு எதிராளிக்கு விரோதமா சொன்னா என்ன சொல்லுவான்?” பிறகு, “அந்தப் புள்ளகிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம். சொன்னா மூஞ்சியில தெரிஞ்சிரும். ஒரு ராத்திரி அழுதிருப்பா” என்றாள். உரித்த கொழுப்பைக் கொப்பரையில் போட்டாள்.

தீர்ப்பு இடோனி பக்கம் வந்தது. அறுவடைக்கு முன்பே கோயில் வாசலில், சாமியார் முன்னால், ஊரைக் கூட்டி, மறுபடியும் அதே சொற்கள். ரண்டால் உரக்கவே சொன்னான். இடோனியின் கையைப் பிடிக்குமுன் தன் கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டான். எம்மட் அதைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற நானும் பார்த்தேன். இடோனி புதுக் கையுறை ஒன்றை நீட்டியபோது எம்மட் வழக்கம்போல, “இருக்கட்டும், பெறகு” என்றாள்.

ஹ்யூகோ கொடுத்த கையுறை இப்போது மெழுகுவத்திக் கம்புகளுக்கு மேலே ஓர் ஆணியில் தொங்குகிறது. வழக்கு முடிந்தபின் ஒருநாள் ஹ்யூகோ கடைக்கு வந்து, அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார்.

“அது எப்படி அண்ணாச்சி? நமக்குள்ள ஒரு பேச்சு இருக்குல்ல? கையுறைக்கு மறதின்னு. நான் பேச்சு மாற மாட்டேன். மறதி வந்ததும் நானே வந்து சொல்லுறேன்.”

ஹ்யூகோவின் பட்டறைக்கு வேறு வழி இல்லை. தினமும் அவள் கடை முன்னால்தான் போக வேண்டும். நேற்றும் போனார். எம்மட் திரிக்கம்பைக் கொப்பரையில் இறக்கிக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் வேலையை நிறுத்தி, கொழுப்பு படிந்த விரலால் நெற்றியைத் தட்டி யோசித்தாள். பிறகு வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கி, இன்னும் இல்லை என்று தலையசைத்தாள்.