இரண்டு கட்டத்திலும் டிக்

அன்றைக்கு மில்லர்புரத்து மெட்ரிக் பள்ளியின் பீஸ் கவுண்டரில் இருந்தது மொத்தம் நாலு பேர். நான், என் மனைவி, அஞ்சாம் வகுப்பு முடித்த எங்கள் மகள், கம்பிக்கு அந்தப் பக்கம் கிளார்க் அண்ணாச்சி. தெரிந்தவர் யாரும் வந்துவிடக் கூடாதே என்று நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு டி.சி. வாங்கப் போயிருந்தோம். ஆறாம் வகுப்புக்கு மாப்பிள்ளையூரணி அரசுப் பள்ளி என்று முடிவு. ஆறிலிருந்தே அங்கே படித்தால்தான் பெண்பிள்ளைகளுக்குக் காலேஜில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். வேனில் போன பிள்ளை நடந்து போனால் தெருவில் என்ன சொல்வார்களோ என்று எனக்குப் பத்து நாள் சோறு இறங்கவில்லை. இரண்டு தடவை போய்ப் பார்த்தும் வந்தேன். அங்கே டீச்சர்மார் வருஷக்கணக்காக அதே ஆட்கள். இங்கே ஒரே வருஷத்தில் கணக்கு மிஸ் மூணு பேர் மாறினார்கள். ஆனால் இங்கே கக்கூஸில் தண்ணீர் வரும். அங்கே குழாயைத் திருகினேன், காற்றுதான் வந்தது.

"பாக்கி எட்டாயிரத்து நானூறு, அண்ணாச்சி," என்றார் கிளார்க் என்னிடம்.

நான் கொண்டுபோனது ஐயாயிரம்.

"ஐயாயிரம் டெர்ம் பீஸ். திரையில பாடம் காட்டுத ஸ்மார்ட் கிளாசுக்கு மூவாயிரத்து நானூறு. நீங்கதான சம்மதம்னு கையெழுத்து போட்டிருக்கீங்க?" என்று கிளார்க் ஒரு சீட்டை நீட்டினார்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். உப்பு குடோனில் மூட்டை தைக்கிறேன். பள்ளியிலிருந்து வருவதெல்லாம் இங்கிலீஷ். அர்த்தம் கேட்டால், தகப்பனுக்குப் படிப்பில்லை என்று பிள்ளையை மட்டமாக நினைப்பார்களோ என்று பயம். எது வந்தாலும் உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவேன்.

"ராத்திரி கேஸ் சிலிண்டரை மூடியாச்சான்னு நாலு தடவை எந்திரிச்சுப் பாப்பாரு. இதைப் பாக்கலியாம்," என்றாள் மனைவி, கிளார்க்கிடம்.

மகள் சீட்டை வாங்கி வாசித்தாள். "விருப்பம் இருந்தா மட்டும்னு போட்டிருக்குப்பா. சம்மதம்னா இந்தக் கட்டம், வேண்டாம்னா அந்தக் கட்டம்."

எதையும் விட்டுவிடக் கூடாதென்று நான் இரண்டிலும் டிக் போட்டிருந்தேன்.

"ரெண்டுலயும் போட்டா நாங்க எதை எடுக்க?"

"வேண்டாங்கிறதை எடுக்க வேண்டியதுதான?" என்றாள் மனைவி.

"பிள்ளை வருஷம் முழுக்க உக்காந்து பாத்திருக்குல்லா?"

மகள் தலையை ஆட்டினாள். "பாத்தேம்மா."

மனைவி சீட்டை வாங்கிக் கிளார்க்கிடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு, "சரி, இங்கிலீஷை வாசிச்சு அர்த்தம் சொல்லுதாளே, அதுக்காச்சும் குடுப்போம்," என்றாள்.

கையிலிருந்த ஐயாயிரத்தைக் கட்டினேன். மிச்சத்துக்கு எழுதிக் கொடுத்தால் டி.சி. தருவதாகச் சொல்லி, கிளார்க்கே இங்கிலீஷில் நாலு வரி எழுதி நீட்டினார். பேனாவைத் திறந்தவன் மூடிவிட்டு, தாளை மகளிடம் கொடுத்தேன்.

"ஏளா, இதை வாசி."

முழுக்க வாசித்துச் சொன்னாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். டி.சி. கைக்கு வந்தது. மூவாயிரத்து நானூறு ரூபாய் இன்னும் பாக்கி.