எடை பார்த்த மறுநாள்

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. ஒத்தக்கடை அங்கன்வாடியில் எடை பார்த்த டீச்சர், வளர்ச்சி அட்டையின் சிவப்புப் பகுதியில் புள்ளி வைத்தார்.

“எடை ரொம்பக் கொறச்சலா இருக்கு தாயி. பெரியாஸ்பத்திரியில சேக்கணும்.”

வளர்க்கத் தெரியாதவள் என்று சொல்லிப் பிள்ளையை அரசாங்கம் வாங்கிக்கொள்ளும் என்று பயந்துவிட்டேன். மறுநாள் டீச்சர் கதவைத் தட்டியபோது, தாழ் போட்டுவிட்டு மகளின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் திமிறினாள். மூச்சு முட்டுகிறதோ என்று பதறிக் கையை எடுத்ததும் வீறிட்டு அழுதாள்.

“பிள்ளையக் குடுக்க மாட்டேன்!” என்று உள்ளிருந்தே கத்தினேன்.

“யாரும் பிடுங்க மாட்டாக. நீயும் கூடத்தான் தங்கப்போற,” என்றார் டீச்சர்.

கதவைத் திறந்தேன். ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் இருந்தோம். நர்ஸ் அவளைத் தூக்கும்போதெல்லாம் பின்னாலேயே ஓடினேன். எடை கூடி, இருவருமாக வீடு திரும்பினோம்.