மூன்று நூலகங்களும் ஒரு முதலாளியும்

லவோன் பெட்டிவேக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். ஜன்னல் திரையை விலக்கித் தெருவைப் பார்த்தாள், மூடினாள், மறுபடி விலக்கினாள். ஊரையே பெருக்கித் துடைத்துப் பிழைக்கிறவள் தன் வீட்டில் தூசி இருக்குமோ என்று பயந்தாள் என்றால் எவ்வளவு பதற்றம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நகராட்சியிலிருந்து அதிகாரி வரப்போகிறார்.

விஷயம் இதுதான். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கோல்ட்டன் என்கிற அந்த ஊரில் மூன்று நூலகங்களைச் சுத்தம் செய்கிற ஒப்பந்தத்தைப் புதிதாக விடப்போகிறார்கள். கறுப்பர்களும் பெண்களும் நடத்துகிற சின்னக் கம்பெனிகளுக்கு என்றே இந்த முறை அதை ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் சும்மா போய்க் கேட்டுவிட முடியாது, சான்றிதழ் வேண்டும். பெரிய கம்பெனிக்காரர்கள் பெண்டாட்டி பேரிலும் தோட்டக்காரன் பேரிலும் போர்டு மாட்டிவிட்டு லாபத்தை வழித்து நக்கிக்கொண்டு போன கதைகள் அங்கே ஏராளம். அதனால் கம்பெனி நிஜமாகவே உன்னுடையதுதானா, நீதான் நடத்துகிறாயா என்று வீடு தேடி வந்து உட்கார்ந்து கேட்பார்கள்.

அந்த மூன்று நூலகங்களையும் பல வருஷமாகத் துடைத்துக்கொண்டிருப்பது லவோன்தான். ஆனால் ஒப்பந்தம் டக் வைலி என்கிற பெரிய காண்டிராக்டர் பேரில். வைலி சோற்றைத் தின்றுவிட்டு வடித்த கஞ்சியை இவளுக்கு ஊற்றுவார். இப்போது அவர் ஒப்பந்தம் முடிகிறது. சான்றிதழ் வந்தால் அவளே நேராக டெண்டர் போடலாம். வராவிட்டால் அவளிடம் வேலை செய்கிற ஆறு பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அதிகாரி வருவதற்கு முன்னாலேயே அண்ணன் கிளியோஃபஸ் வந்துவிட்டார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், மவுண்ட் பிஸ்கா சர்ச்சில் டீக்கன், சபைக்குப் பெரிய மனுஷர். லவோனின் புருஷன் செத்துப்போன பிறகு, பெண்களையும் மெஷின்களையும் ஏற்றிக்கொண்டு வேன் ஓட்டுவது அவர்தான். ஞாயிற்றுக்கிழமை போடுகிற பழுப்பு சூட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"இது என்னண்ணா, கல்யாணத்துக்கா போறீங்க?" என்றாள் லவோன்.

"வர்றவங்க ஆபீசரும்மா. வீட்ல ஒரு பெரியவன் இருக்கான்னு தெரிய வேண்டாமா?"

அதிகாரி மிஸ் இன்கிராம் சின்ன வயசு. அட்லாண்டாவில் படித்தவள், லவோனைப் போலவே கறுப்பினத்துப் பெண்தான். லவோனுக்குப் பாதி உயிர் வந்தது. முந்தின நாளே சுட்டு வைத்திருந்த வெண்ணெய்க் கேக்கையும் இனிப்புத் தேநீரையும் எடுத்து வைத்தாள்.

"மன்னிச்சுக்குங்க, நாங்க எதுவும் வாங்கிக்கக் கூடாது. தண்ணி கூட" என்றாள் மிஸ் இன்கிராம்.

வீட்டுக்கு வந்த பெண் கேக்கைத் தொடவில்லை என்பதில் லவோனின் முகம் சுருங்கியது. கிளியோஃபஸ் தன் பங்கையும் சாப்பிட்டு அந்தப் பெண்ணின் பங்கையும் சாப்பிட்டார்.

"கம்பெனியில விலை யார் போடறாங்க?"

இங்கேதான் கெட்டது காரியம். மவுண்ட் பிஸ்காவில் வளர்ந்தவர்களுக்கு 'நான்' என்கிற சொல் தொண்டையைத் தாண்டி வராது. நன்றாகப் பாடினாய் என்று யாராவது சொன்னால், நான் எங்கே பாடினேன், ஆண்டவர் பாடவைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாத பிள்ளைக்குச் சின்ன வயசிலேயே முதுகில் விழும். லவோன் பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் என்னங்க பண்றேன். எல்லாம் ஆண்டவர் நடத்தறாரு. அப்புறம் அண்ணன் இருக்காரு, பொண்ணுங்க இருக்காங்க."

"நாங்க உக்காந்து பேசி முடிவு பண்ணுவோம் மேடம்" என்றார் கிளியோஃபஸ், வாயில் கேக்கோடு.

"ஆள் எடுக்கறது, நிறுத்தறது?"

லவோன் அண்ணனைப் பார்த்தாள். வெளியாள் எதிரில் பெரியவர் இருக்கும்போது தங்கை பேசுவாளா? "அதுவும் நாங்கதான்" என்றார் அவர். மெஷின் வாங்குவது? நாங்கதான். பாங்கியில் பேசுவது? நாங்கதான். மிஸ் இன்கிராம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். நிஜம் என்னவென்றால், வைலியிடம் பேரம் பேசுவது லவோன், ஆள் எடுப்பது லவோன், மெஷின் ரிப்பேரானால் திருப்புளியைக் கையில் எடுப்பதும் லவோன். கிளியோஃபஸுக்கு எந்தத் தரைக்கு எந்த மருந்து என்று கூடத் தெரியாது. ஒரு தடவை மரத்தரைக்கு ஆசிட்டை வாங்கி வந்து நின்றவர் அவர்.

பதில் வந்தது. மறுத்துவிட்டார்கள். கம்பெனியை நடத்துவது விண்ணப்பித்தவர் அல்ல, வேறொருவர் என்று தோன்றுகிறதாம்.

லவோன் அதை நின்றுகொண்டே படித்தாள், நடந்துகொண்டே படித்தாள். அவளிடம் மேஸ்திரி மாதிரி இருப்பவள் ரோஷெல், சர்ச்சில் பக்கத்து வரிசையில் பாடுகிறவள். அவளுக்கு வாய் நீளம்.

"அந்தப் பொண்ணு கேட்டது கம்பெனி யாருதுன்னு. நீ சொன்னது ஆண்டவருதுன்னு. ஆண்டவர் டெண்டர் போட வருவாரா? அவருக்கு இன்சூரன்ஸ் இருக்கா?"

"வாயை மூடுடி."

"நீ தொறக்க வேண்டிய நேரத்துல மூடிக்கிட்ட, என்னை மூடச் சொல்றே. மேல்முறையீடு இருக்கு லவோன். நகராட்சியில நடத்தற இலவச வகுப்புல சொன்னாங்க. மூணு பேர் உக்காந்து கேப்பாங்க. போய்ப் பேசு."

மேல்முறையீடு கொடுத்தாள். டெண்டர் கடைசி நாளுக்குக் கொஞ்சம் முன்னால் விசாரணைக்குத் தேதி போட்டார்கள். அதுவரைக்கும் அவள் பட்ட பாட்டை எப்படிச் சொல்வது? அடுப்பில் கீரையை வைத்துவிட்டு நூலகத்துக்குப் போய்விடுவாள், அங்கே போனதும் அடுப்பு ஞாபகம் வரும். டெண்டர் போடுகிறவர்களுக்கு நூலகத்தைச் சுற்றிக்காட்டுகிற நாளில் மற்ற கம்பெனிக்காரர்கள் தலையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு நழுவினார்கள். இவள் தான் வருஷக்கணக்கில் துடைத்த தரையையே முதல் தடவை பார்க்கிற மாதிரி கடைசிவரை சுற்றினாள். விலையையும் போட்டு வைத்துவிட்டாள். சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த உறையைப் பிரிக்கக் கூட மாட்டார்கள்.

இந்த நேரம் பார்த்து வைலி போன் பண்ணினார்.

"லவோன், சான்றிதழ் வெச்சிருக்கற ஒருத்தனைப் பிடிச்சிட்டேன். பேரு அவனது, வேலை நம்மளது. நீ எப்பவும் போலத் தொடைச்சிட்டு இரு. எதுக்கு அலையறே?"

கிளியோஃபஸுக்கு அது பிடித்துப்போனது. "ஒத்துக்கோம்மா. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையாயிடப் போகுது. ஆறு பொண்ணுங்க வயிறு இருக்கு."

"ஆறு பொண்ணுங்க வயிறு இருக்கறதாலதான் ஒத்துக்க மாட்டேன்" என்றாள் லவோன். சொல்லிவிட்டு ராத்திரியெல்லாம் புரண்டாள். சரி என்று சொல்லியிருந்தால் தூக்கமாவது வந்திருக்கும்.

விசாரணைக்கு முந்தின நாள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வானிலையைப் பேசினாள், பாஸ்டரின் முழங்கால் வலியைப் பேசினாள். பிறகு போட்டு உடைத்தாள்.

"அண்ணா, நாளைக்கு நீங்க வர வேண்டாம்."

"நான் வராமலா? உன்னைத் தனியா அனுப்பிட்டு நான் என்ன பண்றது?"

"தனியாத்தான் போகணும். உங்களை வெச்சுதாண்ணா மறுத்துட்டாங்க."

கிளியோஃபஸ் எழுந்து உள்ளே போய்விட்டார். பேச்சு முடிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். மறுநாள் நகராட்சிக் கட்டடத்தில் லிஃப்ட் கதவு திறந்தது. பழுப்பு சூட்டோடு அவர் உள்ளே நின்றுகொண்டிருந்தார். "பின்னாடி உக்காந்துக்கறேன். வாயே தொறக்க மாட்டேன்" என்றார். திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டாள்.

"விலை யார் போடறாங்க, மிஸஸ் பெட்டிவே?"

"நான்."

சொன்னதும் காது சூடாகிவிட்டது லவோனுக்கு. யாரோ அடிக்கப் போகிறார்கள் என்பது போல முதுகு கூசியது. யாரும் அடிக்கவில்லை. அடுத்த கேள்வி வந்தது. எப்படிப் போடுகிறாள், எத்தனை ஆள், எந்த மெஷின். ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல, இவ்வளவும் நாம்தானா செய்கிறோம் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"போன தடவை உங்க அண்ணன்தான் எல்லாத்துக்கும் பதில் சொல்லியிருக்காரு. கம்பெனியில அவரோட இடம் என்ன?"

பின் வரிசையில் நாற்காலி கிரீச்சிட்டது. லவோன் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் வாயில் வார்த்தை வந்திருக்காது. வேன் ஓட்டுவதற்கு அவள் மாதாமாதம் கொடுப்பதை அவர் பெட்ரோல் காசு என்று சொல்லித்தான் வாங்கிக்கொள்வார். சர்ச்சில் நாலு பேர் கூடினால் 'எங்க கம்பெனி' என்பார். அவள் ஒரு நாளும் மறுத்ததில்லை. மறுப்பதற்கு என்ன அவசியம் வந்தது, இத்தனை நாளும்?

"டிரைவர்" என்றாள்.

"சம்பளத்துக்கா?"

"மணிக்கணக்குச் சம்பளம். வராத நாளைக்குக் கெடையாது."

"உங்க முடிவை அவர் மாத்த முடியுமா?"

"முடியாது. அவரை நான் நிறுத்தலாம். அவர் என்னை ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த அம்மாள் அவள் தலைக்கு மேலாகப் பின்னால் பார்த்தாள். "சார், அவங்க சொல்றது சரிதானா?"

நாற்காலி மறுபடி கிரீச்சிட்டது.

"சரிதான் மேடம்" என்றார் கிளியோஃபஸ்.

சான்றிதழ் கிடைத்துவிட்டது. டெண்டர் உறைகளைப் பிரித்து விலைகளை உரக்க வாசித்தபோது லவோனுடையதுதான் குறைச்சல். ரோஷெல் நகராட்சி வராந்தாவிலேயே ஆடினாள், காவல்காரர் வந்து அதட்டும்வரை ஆடினாள். ஆறு பெண்களுக்கும் மணிக்கு ஒரு டாலர் ஏற்றித் தருவதாக லவோன் அங்கேயே சொல்லிவிட்டாள். வைலியின் கையில் இருந்த வேலை, யார் தயவும் இல்லாமல், அவள் பேரில். சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் உட்கார முடியவில்லை. ஏனென்றால் விசாரணை நாளிலிருந்து அண்ணன் வேன் பக்கமே வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினார். பிறகு அதுவும் சொல்லி அனுப்பவில்லை. ரோஷெலின் மச்சான்தான் கடனே என்று வந்து ஓட்டினான், அவனும் சனிக்கிழமையோடு சரி என்று சொல்லிவிட்டான்.

புது ஒப்பந்தம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, சர்ச் விட்டதும் நேரே அவர் வீட்டுக்குப் போனாள். கிளியோஃபஸ் பின்வாசல் படியில் உட்கார்ந்து பெக்கான் கொட்டைகளை உடைத்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் இருக்கிற ஆள் மாதிரி தெரியவில்லை. அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"கோவமாண்ணா?"

"எதுக்குக் கோவம்? நீ சொன்னது நெசந்தானே."

"அங்க அப்படிச் சொல்லாட்டி ஒண்ணும் நடந்திருக்காது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும். நல்லா பேசினே. நம்ம அம்மா இருந்தா பயந்திருப்பா." சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அப்ப நாளைக்கு வாங்க. உங்களுக்கும் ஏத்தித் தரேன்."

ஒரு கொட்டையை உடைத்துப் பருப்பு நொறுங்காமல் எடுத்தார். எடுத்ததை அவள் கையில் வைத்தார்.

"மணிக்கணக்கு டிரைவர் வேலைக்கு இந்த வயசுல நான் எங்கேயும் போக மாட்டேன் லவோன். வைலி கூப்பிட்டாக் கூடப் போக மாட்டேன். இத்தனை வருஷமா நான் வேலைக்கு வர்றதா நெனச்சதே இல்லையே."

லவோனுக்கு அழுகை வந்தது. பருப்பைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள், அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அழுதுகொண்டிருக்கும்போதே, காலையில் வேன் ஓட்ட இனி யாரைப் பிடிப்பது என்றும் மனசு ஒரு பக்கம் கணக்குப் போட்டது. அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது, ஆனால் கணக்கு நிற்கவில்லை.