கையெழுத்துப் போட்டு வாங்க நினைத்த இசைத்தட்டு

என் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயதில் எழுதப் பழகிய கை இது. நான் எழுதிய தாளை மகள் படமெடுத்து இங்கே இணையத்தில் போடுகிறாள்.

துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் ஒரு கப்பல்காரர் எனக்கு விண்வெளி ரொக் இசைத்தட்டு ஒன்று தந்தார். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அது எங்கள் வெள்ளவத்தை வீட்டோடு எரிந்துபோனது. அதே இசைத்தட்டு இப்போது தடித்த பெட்டியும் மேலதிகப் பாட்டுகளுமாகத் திரும்ப வெளிவந்திருக்கிறது. பாரிசிலிருந்து மகன் அனுப்பியிருந்தான்.

இன்று அதை எடுக்கத் தபால் கந்தோருக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கையெழுத்துப் போட்டேன். மூன்று நிமிடம் பிடித்தது. அழகாக வந்தது.

கவுண்டரில் இருந்த பெண் என் அடையாள அட்டையைப் பார்த்தார்.

"அங்கிள், காட்ல பெருவிரல் அடையாளம்தானே இருக்கு? இங்கயும் அதுதான் வேணும்."

"இப்ப எழுதப் பழகிட்டன், மிஸ்."

"அப்ப புதுக் காட் எடுங்க. பழசைக் குடுத்திட்டு மூணு மாசம் பாத்துக்கொண்டு இருக்கணும்."

"மூண்டு மாசமோ? காட் இல்லாமல் செக்பொயின்ற்ல பிடிபட்டா உள்ளுக்குத்தான். நீங்க வந்து வெளிய எடுப்பீங்களோ?"

அவர் சிரிக்கவில்லை. நான் போட்ட கையெழுத்துக்குக் குறுக்கே கோடு போட்டுவிட்டு மைப்பெட்டியைத் தள்ளினார்.

பெட்டி கிடைத்தது. மேலட்டையில் நட்சத்திரங்களுக்கு நடுவே இப்போது என் பெருவிரலும் கறுப்பாக இருக்கிறது.

எரிந்த இசைத்தட்டுக்குப் புதுப் பதிப்பு வந்துவிட்டது. எனக்கு எப்போது வரும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த கிழமையும் எழுதுவேன். இங்கே யாரும் விரல் கேட்பதில்லை.